சிஎஸ்ஆர், லாபம், மேனேஜரின் பொறுப்பு: ஓசூர், தர்மபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரில் சூப்பர்வைசர்களுக்கும் இளம் மேனேஜர்களுக்கும் நிர்வாக அறம் பற்றி மாலை வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக வந்து கேட்பவர்கள் உண்டு. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து போன் செய்யும் தலைமை ஆசிரியர்களும் ஊராட்சித் தலைவர்களும் சின்ன அறக்கட்டளை நடத்துபவர்களும் உண்டு. சிஎஸ்ஆர் (Corporate Social Responsibility, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பற்றியும் மேனேஜரின் பொறுப்பு பற்றியும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் சட்டம் தெரியாதவர்களுக்கு. தெரிந்தவர்கள் ஐந்தாவது கேள்விக்குப் போய்விடலாம்.

1. சிஎஸ்ஆர்னா கம்பெனிக்காரங்க மனசு வந்து கொடுக்கிற நன்கொடைதானே சார்?

ஒரு காலத்தில் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் நிறுவனங்களுக்கு இது கடமை. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைக் கல்வி, சுகாதாரம், குடிநீர், சுற்றுச்சூழல், ஊரக வளர்ச்சி என்று சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்லும் வேலைகளுக்குச் செலவழிக்க வேண்டும்.

2021 ஜனவரியில் விதிகள் இன்னும் இறுகின. தொடர்ந்து நடக்கும் திட்டத்துக்கான பணம் மீதமானால் தனி வங்கிக் கணக்குக்குப் போய் மூன்று ஆண்டுக்குள் செலவாக வேண்டும். மற்ற மீதம் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் அரசு நிதி ஒன்றில் சேர வேண்டும். தவறினால் நிறுவனத்துக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் தனித்தனி அபராதம் உண்டு. அதனால் பள்ளிக்குக் கழிவறை கேட்டுப் போகும் தலைமை ஆசிரியர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

2. எங்க ஊர் பக்கத்துல இருக்கிற கம்பெனிக்கு இந்தக் கடமை இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மீதி) 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தால் கடமை உண்டு. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பெரிய வாகன, கடிகார, மின்னணு நிறுவனங்கள் இதற்குள் வரும். அவற்றுக்கு உதிரி பாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் வராது. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலை, கிரானைட் பாலிஷ் யூனிட் எல்லாம் அந்தந்த ஆண்டின் கணக்கைப் பொறுத்தது.

வலைத்தளம் உள்ள நிறுவனம் தன் சிஎஸ்ஆர் குழுவில் யார் யார், கொள்கை என்ன, ஒப்புதல் தந்த திட்டங்கள் எவை என்று அதில் போட வேண்டும். ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆருக்கு எவ்வளவு செலவு என்றும் இருக்கும். மனு எழுதும் முன் அந்தப் பக்கங்களைப் படித்துவிடுங்கள். படித்துவிட்டு வந்தவரிடம் பேசும் விதமே வேறு.

3. பக்கத்து ஊருக்குத்தான் முதல்ல செய்யணும்னு சட்டத்துல இருக்காமே? அப்போ எங்க பென்னாகரத்துக்கு யார் செய்வாங்க?

தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தேசிய முன்னுரிமைகளோடு சமன் செய்யலாம் என்று மத்திய அமைச்சகம் விளக்கமும் கொடுத்திருக்கிறது. முன்னுரிமைக்கு நியாயம் இருக்கிறது. லாரியும் தூசியும் சத்தமும் அந்த ஊருக்குத்தானே.

ஆனால் வட்டாரம் என்பதை மதில் சுவரிலிருந்து கிலோமீட்டர் அளந்து முடிவு செய்வது சரியில்லை என்பது என் கருத்து. ஓசூர் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் பலர் தர்மபுரி மாவட்டக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். விடியும் முன் கம்பெனி பஸ் பிடிக்கிறார்கள், இல்லாவிட்டால் விடுதியில் தங்குகிறார்கள். அவர்களை வளர்த்துப் படிக்கவைத்த ஊருக்கும் அந்த லாபத்தில் ஒரு பாத்தியதை இருக்கிறது. திட்ட மனு எழுதும்போது, 'எங்கள் ஊராட்சியிலிருந்து இத்தனை பேர் உங்கள் ஆலையில் வேலை செய்கிறார்கள்' என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். குழுவில் இருப்பவர்கள் அதை எளிதில் தள்ள மாட்டார்கள்.

4. எருது விடும் விழாவுக்கு பேனர் போட்டுக் கொடுத்தா அது சிஎஸ்ஆரா? கேன்டீன் கட்டினா?

இரண்டும் இல்லை. விளம்பரப் பலனுக்காகத் தரும் ஸ்பான்சர் பணம், சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு, அரசியல் கட்சிக்குத் தரும் பணம், வேறு சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலை, இவையெல்லாம் கணக்கில் வராது. கடைசியில் சொன்னது முக்கியம். தன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுதுபார்த்துவிட்டு அதைச் சுற்றுச்சூழல் சேவை என்று எழுத முடியாது.

5. கம்பெனியோட வேலை லாபம் சம்பாதிக்கிறது. சமூக சேவைக்கு அரசாங்கம் இருக்கே?

இந்த வாதத்தைப் பிரபலமாக்கியவர் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் அதை எழுதினார். மேனேஜர் என்பவர் பங்குதாரர்களின் ஊழியர், அவர்கள் பணத்தை எடுத்துத் தனக்குப் பிடித்த நல்ல காரியத்துக்குச் செலவழிக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். எம்டியின் சொந்த ஊருக்கே ஆண்டுதோறும் சிஎஸ்ஆர் பணம் போவதைப் பார்க்கும்போது அவர் சொன்னதில் ஒரு பாதி சரிதான் என்று தோன்றும்.

ஆனால் அவரை மேற்கோள் காட்டுபவர்கள் அவர் வைத்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். சட்டத்துக்கும் சமூகத்தின் அற வழக்கத்துக்கும் உட்பட்டு, ஏமாற்றோ மோசடியோ இல்லாமல் லாபம் சம்பாதிக்க வேண்டும் என்றுதான் அவரும் சொன்னார். 1984-ல் நிர்வாகவியல் அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமன் இன்னொரு பார்வையை முன்வைத்தார்: நிறுவனத்தின் முடிவால் பாதிக்கப்படும் தொழிலாளர், வாடிக்கையாளர், சப்ளையர், ஊர்க்காரர் எல்லாருக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். நம் சட்டம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. இயக்குநர் பங்குதாரர்களோடு ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருதி நடக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது.

6. ரெண்டு சதவீதத்தை முழுசா கொடுத்தாச்சு சார். அப்புறமும் ஏன் கேள்வி கேக்கறாங்க?

இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். 2 சதவீதம் என்பது லாபம் வந்த பிறகு அதை என்ன செய்கிறோம் என்பது. அறத்தின் பெரிய பகுதி, அந்த லாபம் எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

பவர் பிரஸ் இருக்கிற பட்டறைக்குப் போயிருக்கிறீர்களா? தகட்டை டையில், அதாவது அச்சில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் என்ற மேல் அழுத்தும் பாகம் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நான் பார்த்த ஒரு பட்டறையில் இடது பட்டனை அழுத்திய நிலையிலேயே ஒரு மரக்குச்சியைச் செருகி, அது நழுவாமல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் ஓரம் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. நேற்று இன்று சுற்றியது இல்லை. வலது கை பட்டனில், இடது கை டைக்குள். மணிக்கு இத்தனை பீஸ் கூடும். கூடுகிற ஒவ்வொரு பீஸும் லாபக் கணக்கில் ஏறும், அந்த லாபத்தில் 2 சதவீதம் ஏதோ ஒரு பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸாகப் போகும். விரல் போன பையனுக்கு அந்த ஸ்மார்ட் கிளாஸால் என்ன பயன்?

நல்ல பெயர் உள்ள நிறுவனமும் இதில் விதிவிலக்கில்லை. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலை, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடை வரை போனது வெளியே தெரிந்து 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு ஒப்பந்தம் ஏற்பட 2016 வரை ஆயிற்று. அந்தப் பதினைந்து ஆண்டைத் தொழிலாளி குடும்பங்கள் எப்படிக் கடந்தன என்பதை எந்தச் சிஎஸ்ஆர் அறிக்கையிலும் ஈடு கட்ட முடியாது.

7. கம்பெனி செஞ்ச தப்புக்கு மேனேஜர் என்ன பண்ணுவார்? அவரும் சம்பளக்காரர்தானே?

கம்பெனி எழுந்து நடந்து போய் வால்வைத் திறப்பதில்லை. ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் ஒருவர் முடிவெடுத்திருக்கிறார், ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார், இன்னொருவர் பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறார். சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டக் காலம் தொட்டே ஆலையின் உரிமையாளர் தரப்போடு மேனேஜரும் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கப்பட்டார்.

போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு கசிந்தபோது, அந்தத் தொட்டியைக் குளிர்விக்கும் யூனிட் மாதக்கணக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் இணைப்பு இல்லாமல் கிடந்தது. இவை ஒரே இரவில் நடந்தவை இல்லை, பல மேசைகளைத் தாண்டிப் போன முடிவுகள். 2010 ஜூனில் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த ஏழு பேரில் நிறுவனத்தின் தலைவரும் இருந்தார், வொர்க்ஸ் மேனேஜரும் இருந்தார், உற்பத்தி உதவியாளரும் இருந்தார். ஆயிரக்கணக்கான சாவுக்கு இரண்டாண்டு தண்டனை என்பது என்னால் ஏற்க முடியாதது. ஆனாலும் பொறுப்பு எத்தனை படி இறங்கி வரும் என்பதை அந்தப் பட்டியல் காட்டுகிறது.

8. நான் கையெழுத்து போடலைன்னா வேற ஒருத்தன் போடப்போறான். இதுல நான் என்ன பெரிய குற்றவாளி?

ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக்கை ஒருமுறை புரட்டினேன். மூன்று ஷிஃப்டுக்கும் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) அளவு 7.2. ஒரே நீல மை, ஒரே சாய்வான எழுத்து, மாதம் முழுக்க. ஞாயிற்றுக்கிழமை மின்தடை இருந்த நாளிலும் 7.2. எழுதியவர் வயது இருபத்து நான்கு, ஐடிஐ முடித்தவர். அவரைக் கேட்டால் இந்தக் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பார்.

வேறொருவர் போடுவார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்போது அது அவருடைய செயல். நீங்கள் போட்டது உங்களுடைய செயல். வோக்ஸ்வாகன் நிறுவனம் டீசல் புகைச் சோதனையை ஏமாற்ற மென்பொருள் வைத்தது 2015-ல் வெளிவந்தது; 2017-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறை விதித்தது. நிறுவனத்தின் உச்சியில் இருந்தவர் இல்லை அவர். தெரிந்தே செய்தார் என்பது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஐடிஐ பையனின் பங்கும் அவருடைய பிளாண்ட் ஹெட்டின் பங்கும் சமம் இல்லை. மாற்றும் அதிகாரம் யாரிடம் கூடுதலாக இருக்கிறதோ அவரிடம் பொறுப்பும் கூடும். மாதக்கணக்கில் ஒரே எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் இனிஷியல் போட்ட மேனேஜர்தான் எனக்குப் பெரிய குற்றவாளியாகத் தெரிகிறார்.

9. எதிர்த்துப் பேசினா வேலை போயிடும் சார். வீட்டு லோன் ஓடுது, பொண்ணு பிளஸ் டூ படிக்குது. நீங்க ஈஸியா சொல்லிடுவீங்க.

ஈஸி இல்லை. எல்லாரும் வேலையை உதறிவிட்டு வர வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதும் இல்லை. ஆனால் பேசாமல் இருப்பதற்கும் ராஜினாமாவுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. முதலில் எழுத்தில் கேளுங்கள். 'பிரஸ் எண் நான்கில் இருகை பட்டன் வேலை செய்யவில்லை, இன்று ஓட்டலாமா என்று உத்தரவு தேவை' என்று இரண்டு வரி மெயில். வாயால் 'ஓட்டு' என்பவர் எழுத்தில் 'ஓட்டு' என்று பதில் போடத் தயங்குவார். பல இடங்களில் அந்த மெயிலுக்கே மெஷின் நின்றிருக்கிறது. தனியாகப் போகாமல் பாதுகாப்புக் குழு, மெயின்டனன்ஸ், தரப் பிரிவு என்று இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் நிறுவனங்கள் சட்டத்தின் 177-ஆம் பிரிவின்படி முறைகேட்டைச் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும், சொன்னவரைப் பழிவாங்காமல் காப்பதற்கும் அதில் ஏற்பாடு இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து பலிக்கவில்லை, நாளை ஒருவர் உயிருக்கே ஆபத்து என்றால்? அப்போது வெளியே சொல்லத்தான் வேண்டும். உங்கள் லோன் தவணை உண்மையான பாரம்தான். அந்தக் குச்சி செருகிய மெஷினில் நிற்பவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

10. கான்ட்ராக்ட் ஆளுங்க எங்க ஆளுங்க இல்ல. அதுவும் நீங்க சொல்ற பிரஸ் வெண்டர் பட்டறையில இருக்கு. எங்களுக்கு என்ன சம்பந்தம்?

கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலையை வாங்கும் நிறுவனம் தர வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி. அதனால் முதல் பாதிக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

வெண்டர், அதாவது உதிரி பாகம் செய்து தரும் பட்டறைக்காரர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பர்ச்சேஸ் மேனேஜர் ஒரு பாகத்துக்கு விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார், டெலிவரி நாளையும் குறுக்குகிறார். இரண்டு பட்டனையும் அழுத்தி ஓட்டினால் அந்த விலைக்கு அந்த நாளுக்குள் முடியாது என்பது பிரஸ் ஷாப்பைப் பார்த்த எவருக்கும் தெரியும். அந்தக் குச்சியை வெண்டர்தான் செருகினார் என்றாலும், அதற்கான நெருக்கடி வந்தது பர்ச்சேஸ் ஆர்டரில். வெண்டர் ஆடிட்டில் தரத்தைப் பார்க்கப் போகிற ஆள் மெஷினையும் பார்த்துவிட்டு வரலாம். செலவே இல்லாத வேலை அது.

11. எங்க தர்மபுரி தண்ணியில ஃப்ளோரைடு பாறையிலிருந்து வருது. கம்பெனி காரணமில்லையே, அப்புறம் அவங்களுக்கு ஏன் பொறுப்பு?

கெடுத்தவர் சரிசெய்ய வேண்டும் என்ற கடமை இங்கே இல்லை, உண்மைதான். உதவும் சக்தி இருப்பவர் உதவுவது என்ற கடமைதான் இருக்கிறது. சிஎஸ்ஆர் அதன் சரியான பொருளில் பயன்படுவது இப்படிப்பட்ட இடத்தில். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் குழந்தைகளின் பல்லில் கறை ஏறும், அளவு கூடக் கூட எலும்பும் மூட்டும் பாதிக்கும். ஜப்பான் நிதியுதவியோடு வந்து 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இதுதான்.

அந்தத் தண்ணீர் சரியாக வராத குக்கிராமங்களில் கம்பெனிகள் ஆர்ஓ பிளாண்ட் வைத்துத் தருகின்றன. நல்ல காரியம். ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு மெம்பரேனை (வடிகட்டும் சவ்வை) மாற்ற யாரிடம் காசு இருக்கிறது? வெளியேறும் கழிவுத் தண்ணீரில் ஃப்ளோரைடும் உப்பும் இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதைப் பக்கத்துக் குழியில் விட்டால் மறுபடி அதே நிலத்தடிக்குப் போகும். பிளாண்ட் கேட்கும் ஊராட்சிகள் பராமரிப்புச் செலவையும் கழிவுத் தண்ணீருக்கான வழியையும் திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். நல்லது செய்யப் போய்க் கெடுதல் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் கொடுப்பவரின் பொறுப்பு.

12. கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குது. எல்லாரும் சேர்ந்து கெடுத்ததுக்கு ஒரு கம்பெனி மட்டும் என்ன பண்ண முடியும்?

பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் கலந்து வரும் சாக்கடையும் சோப்புக் கழிவும் அந்த நுரைக்குப் பெரிய காரணம். அதை ஓசூர் கம்பெனி தனியாக நிறுத்த முடியாது. ஆனால் தன் குழாயிலிருந்து வெளியே போகும் தண்ணீரை அதனால் பார்த்துக்கொள்ள முடியும். எட்டாவது கேள்வியின் பதில்தான் இதற்கும்.

13. சின்ன ட்ரஸ்ட் நடத்துறோம். செக் கொடுத்துட்டு, பாதியை ரொக்கமா திருப்பிக் கேக்கறாங்க. மீதிப் பாதியில நல்லது செய்யலாமேன்னு தோணுது.

வேண்டாம். திருப்பிக் கொடுத்த பாதிக்கு நீங்கள் பொய் பில் போட வேண்டும், ஆடிட்டரிடம் பொய் சொல்ல வேண்டும். சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மாட்டினால் அந்தப் பதிவும் உங்கள் பெயரும் சேர்ந்து போகும், பணம் கேட்டவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கேட்பவர் பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஒரு அதிகாரியோ புரோக்கரோதான். நிறுவனத்தின் சிஎஸ்ஆர் குழுவுக்கே நேராக எழுதுங்கள்.

14. ஊருக்குள்ள கழிவு விடுற கம்பெனியே எங்க பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் தர்றேங்குது. வாங்கலாமா?

ஒரு தலைமை ஆசிரியை இதைக் கேட்டார். ஓட்டைக் கூரையின் கீழே பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு கேட்டவர் அவர். வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்வது சரியும் இல்லை. முதல் கேள்வியில் சொன்னபடி அது சட்டப்படி செலவாக வேண்டிய பணம், இந்தப் பள்ளிக்கு வராவிட்டால் வேறெங்காவது போகும்.

பார்க்க வேண்டியது, கட்டடத்தோடு சேர்ந்து வேறு என்ன வருகிறது என்பதை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசக் கூடாது, ஏரித் தண்ணீர் பற்றி மனு போடக் கூடாது, ஆட்சேபணை இல்லை என்று கிராம சபையில் தீர்மானம் வேண்டும் என்று வாய்மொழியாகவாவது கேட்டால், அது ஊரின் வாயை விலைக்குக் கேட்பது. அப்போது மறுத்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்புக் கடிதத்தில் 'இந்த உதவிக்கும் ஆலையின் கழிவுநீர் குறித்து ஊராட்சி கொடுத்துள்ள மனுவுக்கும் தொடர்பில்லை' என்று ஒரு வரி சேர்த்து, மனுவின் தேதியையும் எழுதி, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் வைக்கச் சொன்னேன். அந்த வரியைப் பார்த்துக் கம்பெனி பின்வாங்கினால், கட்டடம் எதற்காக வந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.